ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவு, இரண்டு பைப்லைன், இரண்டு முடிவு: எந்த இடத்தில் பிரிகிறது?

வோக்ஸல்வாசி (கேள்வி)

வணக்கம். 40 பேரிடம் எடுத்த சூதாட்டப் பணியின் எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) தரவு. ஒவ்வொரு ட்ரையலிலும் ஒரு லாபத் தொகை, ஒரு நஷ்டத் தொகை திரையில் வரும். ஏற்பதா வேண்டாமா என்று பட்டன் அழுத்த வேண்டும். டிஆர் (ஒரு முழு மூளைப் படத்துக்கு ஆகும் நேரம்) 2 விநாடி, 3 மி.மீ. வோக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனசதுரம்). கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நஷ்டத் தொகை கூடக்கூட அமிக்டாலாவில் (மூளையின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய பகுதி) சிக்னல் கூடுகிறதா?

பைப்லைன் (பகுப்பாய்வுப் படிகளின் வரிசை) அ: எஸ்பிஎம்12 மென்பொருள், 8 மி.மீ. ஸ்மூத்திங் (பக்கத்து வோக்ஸல்களோடு கலந்து வழுவழுப்பாக்குவது), 6 அசைவு ரெக்ரஸர் (தலை அசைவின் விளைவைப் பிரிக்க மாடலில் சேர்ப்பவை), க்ளஸ்டர் (ஒட்டிய வோக்ஸல்களின் கூட்டம்) அளவில் திருத்தம்.

பைப்லைன் ஆ: முன்தயாரிப்புக்கு எஃப்எம்ஆர்ஐ-ப்ரெப், பிறகு எஃப்எஸ்எல் மென்பொருள். 5 மி.மீ. ஸ்மூத்திங், 24 அசைவு ரெக்ரஸர், எஃப்டி (அடுத்தடுத்த படங்களுக்கு இடையே தலை நகர்ந்த அளவு) 0.5 மி.மீ. தாண்டிய வால்யூம்கள் (முழு மூளைப் படங்கள்) நீக்கம், கடைசியில் பெர்ம்யூடேஷன் (தரவைத் தற்செயலாகக் கலைத்துப் பார்த்துச் சோதிப்பது).

அ-வில் வலது அமிக்டாலாவில் க்ளஸ்டர் வருகிறது, உச்ச டி மதிப்பு (விளைவு இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்ற அளவு) 3.5. ஆ-வில் எதுவும் தேறவில்லை. சரிபார்க்கத்தான் இரண்டாவதை ஓட்டியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. இதில் எது சரி? கட்டுரையில் எதைப் போடுவது? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடு என்கிறார் வழிகாட்டி.

---

டிசைன்_மேட்ரிக்ஸ்

எது சரி என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கே பிரிகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. இரண்டு பைப்லைனுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து வித்தியாசங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதாதவை இன்னும் அதிகம் இருக்கும், பெரும்பாலும் அவற்றில்தான் வினை இருக்கும்.

2020-ல் நேச்சர் இதழில் வந்த நார்ப்ஸ் ஆய்வு உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும். அதுவும் லாப-நஷ்டச் சூதாட்டப் பணிதான். 108 பேரின் தரவு, 70 குழுக்கள், 9 கருதுகோள்கள். எந்த இரண்டு குழுவின் பகுப்பாய்வு வழியும் ஒன்றாக இல்லை. ஒரு கருதுகோளுக்குச் சுமார் 84% குழுக்கள் 'ஆம்' என்றன, மூன்றுக்கு 6 சதவீதத்துக்கும் கீழேதான் 'ஆம்' வந்தது. மீதி ஐந்தில் 21 முதல் 37% வரை. அதாவது பாதிக்கு மேற்பட்ட கருதுகோள்களில் எந்தக் குழுவிடம் கொடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறியது. பலரும் இதை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதி: த்ரெஷோல்ட் ('தேறியது' என்று சொல்ல வைக்கும் கோடு) போடுவதற்கு முந்தைய வரைபடங்களை ஒப்பிட்டபோது, பெரும்பாலான குழுக்களின் வரைபடங்கள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போயின. பிரிவு அதிகமும் கடைசிப் படிகளில்தான் நடந்தது.

ஆகவே உங்கள் முதல் வேலை, இரண்டு பைப்லைனின் குழு அளவு டி வரைபடங்களையும் த்ரெஷோல்ட் இல்லாமல் எடுத்து ஒப்பிடுவது. பீட்டாவை (மாடல் தரும் விளைவின் அளவு) ஒப்பிடாதீர்கள். எஸ்பிஎம் சராசரியை 100-க்கு அளவு மாற்றுகிறது, எஃப்எஸ்எல் 10,000-க்கு. எண்கள் ஒன்றுக்கொன்று பேசாது. டி அல்லது இசட் மட்டும். இரண்டையும் ஒரே கட்டத்துக்கு ரீசாம்பிள் செய்து, இரண்டு மாஸ்க்கும் (எந்த வோக்ஸல்கள் கணக்கில் வரும் என்ற எல்லை) சந்திக்கும் இடத்துக்குள் ஸ்பியர்மேன் (தரவரிசைத்) தொடர்பு பாருங்கள். 0.8-க்கு மேல் வந்தால் சண்டை த்ரெஷோல்டில். 0.5-க்குக் கீழே போனால் மாடலிலேயே ஏதோ வேறு. எதிர்மறையாக வந்தால் யாரோ கான்ட்ராஸ்ட் (எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது) குறியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நார்ப்ஸிலேயே அது நடந்தது.

ரீசாம்பிள் செய்யும்போது ஒரு கண் டெம்ப்ளேட்டின் (எல்லோர் மூளையையும் பொருத்திப் பார்க்கும் பொது மாதிரி) மேல் இருக்கட்டும். 'எம்என்ஐ வெளி' என்று எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் எஸ்பிஎம்12 பயன்படுத்துவதும் எஃப்எஸ்எல் பயன்படுத்துவதும் எஃப்எம்ஆர்ஐ-ப்ரெப்பின் வழக்கமான வெளியும் மூன்று வெவ்வேறு டெம்ப்ளேட்கள். வித்தியாசம் சில மி.மீ.தான். ஒரு பக்கத்து அமிக்டாலாவே சுமார் 1.5 கன செ.மீ., 3 மி.மீ. வோக்ஸலில் ஐம்பத்தைந்து வோக்ஸல் தேறும். இரண்டு மி.மீ. நகர்ந்தால் அதில் கணிசமான பங்கு பக்கத்துப் பகுதியான ஹிப்போகேம்பஸுக்குப் போய்விடும்.

அடுத்து மாஸ்க். எஸ்பிஎம் முதல் நிலையில் தானாகவே ஒரு மாஸ்க் போடும். மொத்தச் சராசரியில் 0.8 பங்குக்குக் கீழே சிக்னல் உள்ள வோக்ஸல்களைத் தள்ளிவிடும். அமிக்டாலா இருப்பதோ காற்றறைகளை ஒட்டி, சிக்னல் விழும் பகுதி. குழு நிலையில் 40 பேரில் ஒருவருக்கு அந்த வோக்ஸல் இல்லையென்றால் எல்லோருக்கும் போச்சு. இரண்டு பக்கத்து மாஸ்க்கையும் திறந்து அமிக்டாலாவுக்குள் எத்தனை வோக்ஸல் மிச்சம் என்று எண்ணுங்கள். 'ஒன்றும் வரவில்லை' என்பதற்கும் 'அங்கே சோதிக்கவே இல்லை' என்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிந்துவிடும்.

இப்போது நான் அதிகம் சந்தேகப்படும் இடம்: பாராமெட்ரிக் மாடுலேட்டர்கள் (ட்ரையலுக்கு ட்ரையல் மாறும் லாப, நஷ்டத் தொகைகளை மாடலுக்குச் சொல்பவை). எஸ்பிஎம்மில் ஒரே கண்டிஷனுக்கு இரண்டு மாடுலேட்டர் கொடுத்தால், சொல்லாமலே அவற்றை வரிசைப்படி ஆர்த்தாகனல் ஆக்கும், அதாவது முந்தையதோடு பொதுவான பங்கைப் பிந்தையதிலிருந்து எடுத்துவிடும். எஃப்எஸ்எல் தானாக அப்படிச் செய்யாது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டாவது மாடுலேட்டரை முதலாவதுக்கு ஆர்த்தாகனல் ஆக்கினால், இரண்டாவதன் பீட்டா மாறாது. மாறுவது முதலாவதன் பீட்டா. இரண்டுக்கும் பொதுவான பங்கு முழுவதும் அதன் கணக்கில் சேர்ந்துவிடும். நஷ்டத்தை முதலில் கொடுத்திருந்து, லாபமும் நஷ்டமும் ட்ரையல்களில் ஓரளவு சேர்ந்தே ஏறுகின்றன என்றால், உங்கள் 'நஷ்ட' வரைபடத்தில் லாபத்தின் விளைவும் ஒட்டிக்கொண்டிருக்கும். நஷ்டம் இரண்டாவதாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. எஸ்பிஎம்12-ல் கண்டிஷன் அமைப்பிலேயே இதை அணைக்கும் தெரிவு இருக்கிறது. அணைத்து ஒருமுறை ஓட்டுங்கள், ஐந்து நிமிட வேலை.

அதோடு ட்ரையலின் கால அளவையும் பாருங்கள்: 0 விநாடியா, திரையில் இருந்த முழு நேரமா, பட்டன் அழுத்தும் வரையா? பெரிய நஷ்டத்துக்கு மக்கள் யோசிக்க அதிக நேரம் எடுத்தால், எதிர்வினை நேரமே நஷ்டம் போல வேஷம் போடும். இரண்டு பைப்லைனிலும் இது ஒன்றாக இருக்கிறதா என்று எழுதவில்லை நீங்கள்.

ஸ்மூத்திங் பற்றிச் சுருக்கமாக. நார்ப்ஸில் முடிவோடு தெளிவாகத் தொடர்புபட்டது வரைபடத்தின் வழுவழுப்புதான்: அது கூடினால் 'ஆம்' கூடியது. அசைவு ரெக்ரஸர்கள் போட்டார்களா இல்லையா என்பது அந்தத் தரவில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. எனவே 6-ஆ 24-ஆ என்று மண்டையை உடைப்பதற்கு முன் 8-ஆ 5-ஆ என்று பாருங்கள். இரண்டு முறை ஸ்மூத்திங் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 8 மி.மீ. போட்ட கோப்பைத் தெரியாமல் மறுபடி 6 மி.மீ.க்கு அனுப்பினால் கிடைப்பது 14 அல்ல, 64-ஐயும் 36-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்த 10 மி.மீ. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். அ-விலிருந்து தொடங்கி ஒரு படியை மட்டும் ஆ-வைப் போல மாற்றி, அதே இடத்து டி மதிப்பைக் குறித்துக்கொண்டு, பழையபடி வைத்துவிட்டு அடுத்த படி.

---

கோடு_எங்கே

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் த்ரெஷோல்ட் விஷயத்தை அவர் வேகமாகத் தாண்டிவிட்டார்.

ஆ-வில் அதே இடத்தில் டி என்ன? அதைச் சொல்லாமல் 'எதுவும் தேறவில்லை' என்பதற்கு அர்த்தமில்லை. 40 பேர், எனவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கட்டின்மைக் கூறு) 39. ஒருபக்கச் சோதனையில் பி 0.001 என்பது டி 3.31. அ-வில் 3.5, ஆ-வில் 3.1 என்றால் ஒன்று கோட்டுக்கு மேலே, ஒன்று கீழே. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரைச்சலுக்குள் அடங்கிவிடும். படத்தில் மட்டும் ஒன்று சிவப்பாக எரியும், மற்றது சாம்பல் மூளையாகக் கிடக்கும்.

அ-வில் க்ளஸ்டர் திருத்தம் என்றீர்கள். க்ளஸ்டரை உருவாக்கும் முதல் த்ரெஷோல்ட் 0.001-ஆ 0.01-ஆ? இது சின்ன விஷயமல்ல. 2016-ல் எக்லுண்ட், நிக்கல்ஸ், க்னூட்சன் மூவரும் 499 ஆரோக்கியமானவர்களின் ஓய்வுநிலைத் தரவை எடுத்து, நடக்காத பணியை நடந்ததாக வைத்துப் பகுப்பாய்வு செய்தார்கள். அங்கே கிடைப்பதெல்லாம் பொய்க் கண்டுபிடிப்புதான். 5% வர வேண்டிய இடத்தில் சில அமைப்புகளில் 70% வரை போனது. 0.01-ல் நிலைமை மோசம், 0.001-ல் பரவாயில்லை, பெர்ம்யூடேஷன் பெரும்பாலும் கட்டுக்குள் இருந்தது. காரணம், பக்கத்துப் பக்கத்து வோக்ஸல்களின் ஒற்றுமை தூரத்தோடு காஸியன் வடிவில் குறைகிறது என்று அந்தக் கணக்குகள் எடுத்துக்கொண்டன. உண்மையில் வால் நீளம். ஆகவே தற்செயலாகவே பெரிய க்ளஸ்டர்கள் வரும். (40,000 ஆய்வுகள் செல்லாது என்று செய்தியில் வந்ததே, அந்த வாசகத்தை ஆசிரியர்களே பிறகு திருத்திக்கொண்டார்கள். அதை மேற்கோள் காட்டாதீர்கள்.) எஃப்எஸ்எல்லிலும் இந்த இயல்பு மதிப்பு முன்பு இசட் 2.3, இப்போது 3.1. பழைய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்து ஓட்டுபவர்கள் கவனிக்க.

இதைவிட முக்கியமான ஒன்று. க்ளஸ்டர் தேறினால் அது சொல்வது 'இந்தக் கட்டிக்குள் எங்கோ சிக்னல் இருக்கிறது' என்பது மட்டுமே. 8 மி.மீ. ஸ்மூத்திங்கில் உங்கள் க்ளஸ்டர் ஹிப்போகேம்பஸ் வரை நீண்டிருந்தால், 'அமிக்டாலாவில் வந்தது' என்று எழுத அந்தச் சோதனை உங்களுக்கு உரிமை தரவில்லை.

உங்கள் கேள்வியே அமிக்டாலா பற்றித்தான் என்றால் மூளை முழுவதும் ஏன் தேடுகிறீர்கள்? 50,000 வோக்ஸலில் திருத்தம் இல்லாமல் 0.001 போட்டால் சும்மாவே 50 வோக்ஸல் எரியும். செத்த சால்மன் மீனின் மூளையில் 'செயல்பாடு' காட்டி 2012-ல் இக் நோபல் வாங்கியதும் இதே கணக்கில்தான். திருத்தினால் அமிக்டாலாவுக்கு வேண்டிய சக்தி (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் திறன்) போய்விடுகிறது. அதற்குப் பதில், முன்கூட்டி வரையறுத்த அமிக்டாலா மாஸ்க்குக்குள் ஆளுக்கு ஒரு சராசரி எண் எடுத்து, 40 எண்களில் ஒரே ஒரு டி சோதனை. மாஸ்க் எது என்பதும் ஒரு முடிவுதான்: ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்ட் அட்லஸில் (மூளைப் பகுதிகளின் வரைபடம்) 25 சதவீத நிகழ்தகவில் வெட்டினால் ஒரு அளவு, 50-ல் வெட்டினால் வேறு. முடிவைப் பார்த்துவிட்டு, உச்சப் புள்ளியைச் சுற்றி உருண்டை வரைந்து அதற்குள் சோதித்தால் அது வட்டமடிக்கும் தர்க்கம், யாரும் ஏற்க மாட்டார்கள்.

---

வோக்ஸல்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்த வரை: த்ரெஷோல்ட் இல்லாத டி வரைபடங்களின் ஸ்பியர்மேன் தொடர்பு 0.86. அதே இடத்தில் ஆ-வின் டி 2.8. எஸ்பிஎம்மில் நஷ்டம்தான் முதல் மாடுலேட்டர், ட்ரையல்களில் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் தொடர்பு 0.28. ஆர்த்தாகனல் தெரிவை அணைத்ததும் அ-வின் டி 3.5-லிருந்து 3.1-க்கு இறங்கியது. ஆ-வை 8 மி.மீ.யில் ஓட்டினால் 3.0. முதல் த்ரெஷோல்ட் 0.001. கால அளவு இரண்டிலும் திரையில் இருந்த முழு நேரம்.

அப்படியானால் அ-வைக் கைவிட வேண்டுமா? அல்லது சாத்தியமான எல்லா வழியிலும் ஓட்டி எத்தனை தேறுகிறது என்று காட்டலாமா? மல்டிவெர்ஸ் என்று படித்தேன்.

---

வரிசைமாற்றி

புதிர் கிட்டத்தட்ட அவிழ்ந்துவிட்டது. ஆர்த்தாகனல் தெரிவும் ஸ்மூத்திங்கும் சேர்ந்து பெரும்பகுதி வித்தியாசத்தை விழுங்கிவிட்டன. அதில் முதலாவது ரசனை சார்ந்த தெரிவு அல்ல. உங்கள் கேள்வி 'லாபத்தைக் கழித்தபின் நஷ்டம்' என்றால் அதை அணைத்ததுதான் சரியான மாடல். பழைய அ வேறு கேள்விக்குப் பதில் சொன்னது. மல்டிவெர்ஸில் அதைச் சேர்க்கவே கூடாது.

மல்டிவெர்ஸில் அதிகம் சொதப்புவதும் இங்கேதான். நியாயப்படுத்த முடிந்த தெரிவுகளை மட்டும் பெருக்க வேண்டும். உதாரணம்: ஸ்மூத்திங் 3 (0, 5, 8 மி.மீ.), ஹெச்ஆர்எஃப் (மூளை இரத்த ஓட்ட எதிர்வினையின் மாதிரி வடிவம்) டெரிவேட்டிவ் 2, அசைவு 3 (6, 24, 24-உடன் நீக்கம்), ஹைபாஸ், அதாவது சிக்னலின் மெதுவான நகர்வை நீக்கும் வடிகட்டி, 2 (100 விநாடி, 128 விநாடி), மாஸ்க் 3, டெம்ப்ளேட் 2. மொத்தம் 216. கார்ப் 2012-ல் ஒரே ஒரு பரிசோதனைத் தரவை 6,912 வழிகளில் ஓட்டிக் காட்டினார். அவ்வளவு தேவையில்லை. ஹைபாஸ் 100-க்கும் 128-க்கும் உங்கள் டிசைனில் வித்தியாசமே வராது என்றால் அந்த அச்சு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும், தகவல் எதுவும் தராது. எடுத்துவிடுங்கள், 108 ஆகிறது.

'108-ல் 80 தேறியது' என்று எழுதி அதை ஆதாரம் போல வைக்காதீர்கள். எல்லாம் அதே 40 பேர். ஒரே சாட்சியை 108 தடவை கூண்டில் ஏற்றினால் 108 சாட்சி ஆகாது. சோதிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஒவ்வொரு பைப்லைனிலிருந்தும் ஆளுக்கு ஓர் அமிக்டாலா எண். 40 வரிசை, 108 நெடுவரிசை கொண்ட அட்டவணை. ஒவ்வொரு ஆளின் முழு வரிசைக்கும் ஒரே குறியை, கூட்டலோ கழித்தலோ, தற்செயலாகக் கொடுங்கள். 108 டி மதிப்புகளையும் கணக்கிட்டு அவற்றின் நடு எண்ணை (மீடியன்) குறித்துக்கொள்ளுங்கள். 5,000 தடவை செய்யுங்கள். அந்தப் பரவலில் உங்கள் உண்மையான நடு எண் எங்கே விழுகிறது என்பதுதான் மொத்தத்துக்குமான ஒரே பி மதிப்பு. குறியை வரிசைக்குள் கலைத்துப் போட்டுவிடாதீர்கள், பைப்லைன்களுக்கு இடையே உள்ள ஒற்றுமை உடைந்து கணக்கு பொய்யாகும். சாதாரண மடிக்கணினியில் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

இதே அட்டவணையில் நடு எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு தடவையும் மிகப்பெரிய டி-யை எடுத்தால், 'பல வழி ஓட்டி நல்லதைப் பொறுக்கினால் என்ன ஆகும்' என்பதற்கும் விடை கிடைக்கும். ஒன்றையொன்று சாராத 10 சோதனை என்றால் தற்செயலாக ஒன்றாவது தேறும் வாய்ப்பு 40%. பைப்லைன்கள் ஒத்திருப்பதால் உங்களுக்குக் குறைவாகத்தான் வரும், ஆனால் 5% இருக்காது.

முதன்மைப் பைப்லைன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், நஷ்டத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுங்கள். பட்டன் அழுத்தும் கை எது என்பது தெரியும் அல்லவா? எதிர்ப்பக்க மோட்டார் கார்டெக்ஸ் எதில் தெளிவாக வருகிறது, தலை அசைவோடு பீட்டாவின் தொடர்பு எதில் குறைவு என்று பாருங்கள். அமிக்டாலா வரைபடத்தைத் திறந்தபின் எடுக்கும் எந்த முடிவையும் 'முன்கூட்டி' என்று எழுத முடியாது. பார்த்தபின் எடுத்தது என்றே எழுதிவிடுங்கள், மதிப்பீட்டாளர்கள் அதற்காகக் கோபப்படுவதில்லை.

பைப்லைன் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் சரியாகாத ஒன்றும் உண்டு. 2020-ல் எலியட் குழுவினர் தொகுத்துப் பார்த்ததில், பணி எஃப்எம்ஆர்ஐ அளவுகளின் மறுசோதனை நம்பகத்தன்மை (அதே ஆளை மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்து வரும் என்பது, முழு ஒற்றுமை என்றால் 1) சராசரியாக 0.4-க்குச் சற்றுக் கீழே. 40 பேரின் குழுச் சராசரிக்கு இது அவ்வளவு தடையில்லை. அடுத்து இந்த அமிக்டாலா எண்ணை ஆளுமைக் கேள்வித்தாளோடு தொடர்புபடுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

சீட்_நம்பர்

ஒரு சின்னச் சேர்க்கை. மென்பொருள் பதிப்பும் ஒரு பகுப்பாய்வுத் தெரிவுதான். 2012-ல் க்ரோனன்ஷில்ட் குழுவினர் அதே மூளைப் படங்களை, அவற்றை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரின் மூன்று பதிப்புகளில் ஓட்டியபோது, பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8%, கார்டெக்ஸ் தடிமன் 2.8% மாறின. இயங்குதளம் மாறினாலும் எண்கள் நகர்ந்தன. நோயாளிக் குழுவைப் பழைய பதிப்பிலும் ஒப்பீட்டுக் குழுவைப் புதிய பதிப்பிலும் ஓட்டினால் 'நோய்' தானாகக் கிடைத்துவிடும்.

எஃப்எம்ஆர்ஐ-ப்ரெப்பை கன்டெய்னரில் (மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி), பதிப்பு எண் குறிப்பிட்டு ஓட்டுங்கள். 'லேட்டஸ்ட்' என்று இழுக்காதீர்கள். ரேண்டம் சீட் (தற்செயல் எண்களைத் தொடங்கும் எண்), மண்டை ஓட்டை நீக்கும் படியின் சீட் இரண்டையும் நிலையாக வையுங்கள். பல த்ரெட் (இணையாக நடக்கும் கணக்கு) ஓடினால் கூட்டும் வரிசை மாறி கடைசித் தசமங்கள் நகரும். சீட் நிலையாக இருந்தும் முடிவு அப்படியே திரும்ப வரவில்லை என்றால் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பாருங்கள். நேரம் இழுக்கும், அதனால் இரண்டு ஆளுக்கு மட்டும் சோதித்தால் போதும்.

---

வோக்ஸல்வாசி

தெளிவாகிவிட்டது. 108-ஐயும் ஓட்டப் போகிறேன். கடைசியாக ஒன்று: கட்டுரையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். எந்த வரைபடம்?

---

டிசைன்_மேட்ரிக்ஸ்

மோட்டார் கான்ட்ராஸ்டை வைத்துத் தேர்ந்தெடுத்த பைப்லைனின் வரைபடம். த்ரெஷோல்டில் வெட்டி மற்றதையெல்லாம் மறைக்காதீர்கள். நிறம் விளைவின் அளவைக் காட்டட்டும், ஒளிபுகும் தன்மை டி மதிப்பைக் காட்டட்டும், திருத்தத்தில் தேறிய பகுதியைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு. அமிக்டாலா வழியாக ஒரு குறுக்குவெட்டு போதும், மாஸ்க்கின் எல்லையையும் அதன் மேல் வரைந்துவிடுங்கள். 108 டி மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கிய வரைபடம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

முழு வரைபடத்தை நியூரோவால்ட்டில் (மூளை வரைபடங்களைப் பகிரும் இணையதளம்) ஏற்றும்போது வகை 'டி' என்றும், ஆட்கள் 40 என்றும், டெம்ப்ளேட் எது என்றும் கட்டாயம் நிரப்புங்கள். கான்ட்ராஸ்டின் திசையை விளக்கத்தில் வாக்கியமாகவே எழுதுங்கள்: 'நேர்மறை என்றால் நஷ்டம் கூடும்போது சிக்னல் கூடுகிறது' என்று. வெறும் 'நஷ்டம்' என்று பெயர் வைத்த வரைபடத்தை எடுத்து மெட்டா பகுப்பாய்வு செய்பவருக்கு உங்கள் குறி எந்தப் பக்கம் என்று தெரிய வழியே இல்லை.